ஒரு வகை, 300 வால்வுகள்

தமிழ் இலக்கண வகுப்பில் அமர்ந்த எவரும் ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்ற தொடரைக் கேட்டிருப்பர். வந்து, உண்டு, நின்று, படித்து ஆகியவை ஓசையால் வேறு வேறானவை. தொடரில் அவை நடந்துகொள்ளும் முறையோ ஒன்றே. அந்த நடத்தைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி விதி எழுத வேண்டியதில்லை. ஆலைக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ‘தொகுதி வகை’ எனப்படும் கருத்தும் ஏறத்தாழ இதுவே. வாய்பாட்டைத் தவறாகச் சொன்ன மாணவருக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதோடு ஒப்புமை முடிந்துவிடுகிறது.

நடுத்தர அளவிலான வேதிப்பொருள் ஆலையொன்றில் திறந்து மூடும் வால்வுகள் 300 இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் காற்றைச் செலுத்தும் சொலினாய்டு ஒன்று. திறந்ததையும் மூடியதையும் தெரிவிக்கும் லிமிட் சுவிட்சுகள் இரண்டு. ஒவ்வொன்றைப் பற்றியும் எழும் வினாக்களும் அவையே. கட்டளை பிறந்தபின் எத்தனை நொடிகளில் நகர்ந்து முடிய வேண்டும்? முடியாவிட்டால் எந்த அலாரம் ஒலிக்க வேண்டும்? எந்த நிலைமையில் திறக்கவே கூடாது? ஆபரேட்டர் கைமுறையில் இயக்க இசைவுண்டா? இவற்றுக்கான நிரலையும், திரையில் தோன்றும் சிறு பலகத்தையும், அலாரச் சொற்களையும் ஒன்றாகக் கட்டி ஒருமுறை செய்துவைப்பதே வகை. அதிலிருந்து பிறக்கும் உருப்படிகளில் டேக் எண்ணும் சில மதிப்புகளும் மட்டுமே மாறும்.

நகலெடுத்து ஒட்டினாலும் இதே பயன் கிடைக்குமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நகல் தன் மூலத்தை மறந்துவிடும், உருப்படி மறப்பதில்லை. நகலெடுத்துக் கட்டிய ஆலையைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், வெளிக்கு ஒன்றுபோலிருக்கும் நிரல்கள் உள்ளே ஏழெட்டு விதமாகக் கிளைத்திருக்கும். எவர், எதற்காக மாற்றினார் என்பதற்குச் சான்று இராது. வகையிலோ, மூலத்தைத் திருத்தினால் அத்திருத்தத்தை உருப்படிகள் அனைத்துக்கும் கொண்டுசெல்லலாம். எமர்சனின் டெல்டாவி, சீமென்ஸின் பிசிஎஸ் 7 ஆகிய இரண்டிலும் இவ்வசதி உண்டு.

கருத்தும் புதிதன்று. 1993இல் வெளிவந்த ஐஇசி 1131-3 தரநிலையிலேயே வகையும் உருப்படியும் பிரிக்கப்பட்டுவிட்டன. 1995இல் வந்த ஐஎஸ்ஏ-88, செய்முறையைக் கருவியிலிருந்து பிரித்து, கருவிகளை அலகு, கருவித் தொகுதி, கட்டுப்பாட்டுத் தொகுதி என அடுக்கியது. ஜெர்மனியின் நாமூர் அமைப்பு முன்னின்று வளர்த்த எம்டிபி, ஓர் அலகு முழுவதையுமே எந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிலும் இணைக்கத்தக்கவாறு விவரிக்க முயல்கிறது.

உருப்படிகள் உண்மையில் ஒன்றல்ல என்னும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காற்றழுத்தம் இழந்தால் நீராவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வெப்பம் உமிழும் வினை நடக்கும் கலத்தின் குளிர்நீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும். அதை முடிவுசெய்வது வால்வுக்குள் இருக்கும் சுருள்வில். வகையை எழுதியவர் நீராவி வால்வை மட்டும் மனத்தில் வைத்து ‘0 என்றால் மூடு’ என எழுதியிருந்தால், குளிர்நீர் வால்வு கட்டளைக்கு நேரெதிராக இயங்கும். ஆயினும் இது சத்தமிடும் பிழை. ஆலையைத் தொடங்குமுன் நடக்கும் லூப் சோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

சத்தமிடாதது நொடிக்கணக்கு. வகையில் 10 நொடி என்றிருக்க, பெரிய பட்டர்ஃபிளை வால்வு ஒன்று நகர 25 நொடி எடுக்கிறது; திறக்கும்போதெல்லாம் அலாரம். அந்த ஓர் உருப்படியில் மட்டும் எண்ணை மாற்றலாம். அத்தகையவை பத்துப் பதினைந்து இருந்தாலோ, வகையிலேயே 30 என மாற்றிவிடுவது எளிது. அன்று மாலையே கட்டுப்பாட்டு அறை அமைதியாகிவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 3 நொடியில் மூட வேண்டிய சிறு வால்வு ஒன்று பிசின் படிந்து 20 நொடி எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது, அதைச் சொல்ல இனி எதுவும் இல்லை. அந்த 17 நொடிகளில் கலத்துக்குள் போகும் மூலப்பொருளுக்குக் கணக்கும் இல்லை.

சோதனை முறையும் இதற்குத் துணைபோகிறது. மருந்து ஆலைகளில் வகையை முழுமையாகச் சோதித்து, உருப்படிகளில் வேறுபடும் மதிப்புகளை மட்டும் சரிபார்ப்பது ஏற்கப்பட்ட வழக்கம். நியாயமான வழக்கமும்கூட, 300 வால்வுகளையும் அடிமுதல் சோதிக்கச் சொல்பவர் ஆலையைத் தொடங்கவே விடமாட்டார். ஆனால் உருப்படி வகையின் மதிப்பை அப்படியே ஏற்றிருந்தால் ‘வேறுபாடு இல்லை’ என்பதே முடிவு. ஏற்றது சரியா என்ற வினா எழுவதில்லை.

இவ்வகைகளில் பல, புனேயிலும் பெங்களூருவிலும் உள்ள பொறியியல் மையங்களில், வேறெங்கோ உள்ள ஆலைகளுக்காக எழுதப்படுகின்றன. எழுதுபவர் அந்த வால்வு நகரும் ஓசையைக் கேட்டவர் அல்லர். அவருடைய உழைப்பு அளக்கப்படுவது மிச்சப்படுத்திய மணிநேரங்களால். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் அதே மணிநேரங்களைத்தான் எண்ணுகின்றன. வகையிலிருந்து விலகிய உருப்படிகள் எத்தனை, ஒவ்வொரு விலகலுக்கும் காரணம் எங்கே எழுதப்பட்டது என்பது முனைவர் பட்ட மாணவர் ஒருவருக்குப் போதிய வினா. சில குழுக்கள் அதற்கெனப் பட்டியலில் ஒரு பத்தியும் வைத்திருக்கின்றன. அப்பத்தி நிரப்பப்பட்டிருக்கும் இடங்களில் ‘தள நிலைமைக்கேற்ப’ என்றே வரிக்கு வரி எழுதியிருக்கும். பனிக்காலத்தில் எந்த வால்வு மெதுவாக நகரும் என்பது இரவுப் பணி ஆபரேட்டரின் ஷிப்ட் பதிவேட்டில் கையெழுத்தில் இருக்கும்.