பூஜ்யம் எண் யாருக்கு?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த லினக்ஸ் மடிக்கணினி ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு நாள் அதில் ஒலி கணீரென்று வரும். மறுநாள் படம் ஓடும், சத்தம் வராது. "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு சார், நாங்க எதையும் தொடலை" என்றார் ஐடி டீச்சர். எல்லையோரப் பிள்ளைகளுக்கு மலையாளமும் ஆங்கிலமும் காது வழியாகத்தான் முதலில் படிய வேண்டும். ஆகவே சத்தம் இல்லாத வகுப்பை என்னால் சின்னக் குறையாக எண்ண முடியவில்லை.

கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் புதிதல்ல. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம்தான் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அது தரும் இயங்குதளத்தைச் சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளை இலக்காக வைத்து மடிக்கணினி, புரொஜெக்டர், யூஎஸ்பி ஸ்பீக்கர் எல்லாம் கொடுத்தது. அப்படிப்பட்ட வகுப்பறையில் ஒலிக்கு ஒரே ஒரு வாசல் இருப்பதில்லை. புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பியிலும் ஒலி போகும். கணினிக்குள்ளும் ஒரு சவுண்ட் கார்டு உண்டு. யூஎஸ்பி ஸ்பீக்கரில் இரண்டு வகை: மின்சாரத்தை மட்டும் யூஎஸ்பியில் எடுத்து, ஒலியை ஹெட்போன் துளையில் வாங்குவது ஒன்று, தனக்குள்ளேயே ஒரு சவுண்ட் கார்டை வைத்திருப்பது இன்னொன்று. இந்தப் பள்ளியில் இருந்தது இரண்டாம் வகை.

டெர்மினலைத் திறந்து, கெர்னல் வைத்திருக்கும் கார்டு பட்டியலைப் பார்த்தேன். பூஜ்யம் எச்டிஎம்ஐ, ஒன்று உள் கார்டு, இரண்டு ஸ்பீக்கர், மூன்று வெப்கேமராவின் மைக். எச்டிஎம்ஐ ஏன் முதலில் நிற்கிறது? அந்தக் கணினி இன்டெலின் நான்காம் தலைமுறை. அதில் எச்டிஎம்ஐ ஒலிக்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. பிசிஐ முகவரி வரிசையில் அது உள் கார்டுக்கு முன்னால் வருகிறது. அவ்வளவுதான் காரணம்.

சத்தம் வராத நாளில் பட்டியலை மீண்டும் பார்த்தபோது வெப்கேமரா இரண்டாம் எண்ணில் இருந்தது, ஸ்பீக்கர் மூன்றுக்கு நகர்ந்திருந்தது. கேமராவை முன்னால் செருகினால் அதற்கு முந்திய எண். யாரோ ஒருவர் எப்போதோ வீட்டுக் கோப்புறையில் 'டாட் அசவுண்ட்ஆர்சி' என்ற கோப்பை எழுதி, ஒலியெல்லாம் இரண்டாம் கார்டுக்குப் போகட்டும் என்று வைத்திருந்தார். கேமராவில் மைக் மட்டும்தான் உண்டு, ஒலிக்க வழியில்லை. டீச்சர் சொன்னது முழுக்க உண்மை. யாரும் எதையும் தொடவில்லை.

வந்த வரிசையில் எண் கொடுக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். 1990களின் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகள் முகவரி 220, ஐஆர்க்யூ 5 என்று இருந்தன. ஐஆர்க்யூ 7க்கு மாற்றினால் பிரிண்டர் போர்ட்டோடு மோதும். இரண்டு கார்டு போட்டால் ஜம்பரைக் கையால் மாற்றியாக வேண்டும். அது நிஜமான மோதல். ஆனால் ஒருமுறை வைத்த எண் வைத்த இடத்திலேயே இருக்கும். அக்காலத்து லினக்ஸில் ஹன்னு சவோலைனன் எழுதிய ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பு, கார்டுகளை எண் போட்டே வரிசைப்படுத்தியது. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அல்சா, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் எண்களை விடவில்லை. கூடவே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெயரையும் கொடுத்தது. நாம்தான் பெயரைக் கண்டுகொள்ளாமல் எண்ணைப் பிடித்துக்கொண்டோம்.

தேடலில் என்னை அதிகம் நிறுத்தியது உபுண்டுவின் அல்சா அமைப்புக் கோப்பு. பூஜ்யம் எண்ணை எடுக்கக் கூடாத டிரைவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. இயல்புக்கு மாறானவை என்று குறிப்பு. மோடம்கள், டிவி ட்யூனர் கார்டு, அவற்றோடு யூஎஸ்பி ஆடியோ. ஒவ்வொன்றுக்கும் எண் 'மைனஸ் 2': பூஜ்யத்தைத் தவிர எந்த இடமும் எடுத்துக்கொள் என்று பொருள். யூஎஸ்பி ஒலிக்கருவி ஓர் உதிரிப் பொருளாக இருந்த காலத்தில் இந்த விதி சரி. ஸ்பீக்கரே யூஎஸ்பியில் வரும் வகுப்பறைக்கு இது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வரியை நான் அழிக்கவில்லை. எண்ணை நம்பாத வழி இருக்கும்போது எண்ணோடு மல்லுக்கட்டுவானேன்?

பழைய கோப்பை மட்டும் நீக்கினேன். அதோடு இன்னொரு தொல்லையும் போனது. அந்தக் கோப்பு, எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கிக் கார்டுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோவைத் தாண்டி நேராகக் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பல்ஸ்ஆடியோ ஒலிக்கும்போது 'டிவைஸ் பிஸி' என்று பிழை வரும். அது 5 விநாடி சும்மா இருந்து கார்டை விட்டதும் வேலை செய்யும். பேய் பிடித்ததுபோலத் தெரிந்ததற்கு இதுவும் காரணம். பல்ஸ்ஆடியோ கருவிகளைப் பெயரால் நினைவில் வைக்கிறது. அதன் அமைப்புக் கருவியான பாவுகண்ட்ரோலில் ஸ்பீக்கரை இயல்பாக்கினேன். விஎல்சி மட்டும் பழைய நினைவில் எச்டிஎம்ஐக்கே போனது. பாட்டு ஓடும்போதே அதை ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டால் புது இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது.

இடுக்கியில் மறையூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெயரும் கைவிட்டது. ஒரே மாதிரி இரண்டு மலிவு யூஎஸ்பி அடாப்டர்கள், ஒன்று ஸ்பீக்கருக்கு, மற்றது ஆடாசிட்டியில் பிள்ளைகள் குரலைப் பதிய. சீரியல் எண் இரண்டிலும் இல்லை. முதலில் வந்தது 'டிவைஸ்', அடுத்தது 'டிவைஸ்_1': மறுபடி வரிசைதான். அங்கே கருவிகளைக் கவனிக்கும் யூடெவுக்கு ஒரு விதி எழுதி, எந்தத் துளையில் செருகினால் எந்தப் பெயர் என்று கட்டினோம். இடப்பக்கத் துளை ஸ்பீக்கர், வலப்பக்கத் துளை மைக்.