நான் கொன்ற பேட்டரி

எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் முதுகலை படிக்கிற ஒருத்தன் ஒரு பேட்டரியை எப்படிக் கொன்றான் என்பதுதான் விஷயம். கிளாஸ்மேட்ஸ் யாராவது படித்தால் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நான் இருப்பது கனடாவின் வின்னிபெக்கில், ஒரு வயதான தம்பதியின் வீட்டு பேஸ்மென்டில். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய மோட்டார்ஹோம் நிற்கும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே உண்டு. நம்மூர் மினி பஸ் அளவு இருக்கும். கோடை முழுக்க அதில்தான் ஊர் சுற்றுவார்கள். அக்டோபரில் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தினால், ஏப்ரல் வரை வண்டி அசையாது.

2024 நவம்பரில் வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது பெரியவர் சாவியைக் கொடுத்தார். மாசம் ஒரு நாள் பேட்டரிகளை சார்ஜ் பண்ணிவிடு, வாடகையில் 25 டாலர் குறைத்துக்கொள் என்றார். பேட்டரிகளை... பன்மை. நான்தான் கவனிக்கவில்லை.

மோட்டார்ஹோமில் இரண்டு தரப்பு பேட்டரி உண்டு. விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப்புக்கு ஒன்று. இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேறொன்று. நான் மாசாமாசம் வெளியே இருக்கும் பிளக்கில் வண்டியின் கேபிளைச் செருகி, மறுநாள் எடுத்து, சில மணி நேரம் விட்டு உள்ளே மீட்டர் பார்ப்பேன். 12.7 வோல்ட் காட்டும். ஃபுல் சார்ஜ்! நிம்மதியாகத் தூங்கப் போவேன். அந்தப் பழைய வண்டியின் சார்ஜர் உள்பக்க பேட்டரிகளை மட்டுமே கவனிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

இன்ஜின் நின்றிருந்தாலும் அதன் கம்ப்யூட்டர், ரேடியோ நினைவு என்று 40 மில்லி ஆம்பியராவது ஓடிக்கொண்டே இருக்கும். கொசுக்கடி மாதிரிதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர் போனால், நூறு நாளில் பேட்டரி காலி. லெட் ஆசிட் பேட்டரி ஃபுல் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50லும் உறையாது. காலியானதும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். மைனஸ் 7, 8லேயே உறைந்துவிடும். இங்கே ஜனவரி இரவில் மைனஸ் 30 என்பது செய்தியே இல்லை.

பிப்ரவரியில் பெரியவர் போன் பண்ணி இரண்டு பேட்டரியின் வோல்ட்டும் கேட்டார். எந்த இரண்டு என்று குழம்பிப்போய் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி பக்கவாட்டில் உப்பி, மூலையில் விரிசல் விட்டிருந்தது.

திரும்ப போன் பண்ணினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அதில் சார்ஜர் எதையும் மாட்டினாயா என்பதுதான். உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போட்டால் வெடிக்கலாம். இல்லை என்றதும் மூச்சு விட்டார். அப்புறம் அவரே, அது ஆறு வருஷப் பழசு, தானாகவே போயிருக்கும் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். 25 டாலர் மூன்று மாசம் கழித்திருந்தேனே, அதுதான் உறுத்தியது. அதை ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, இரண்டு என்று நானும் விளக்கிச் சொல்லியிருக்கணும் என்றார். புது பேட்டரிக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த குளிர்காலத்துக்கும் சாவி என்னிடமே வந்தது. இந்தத் தடவை இன்ஜின் பேட்டரியை ஃபுல் சார்ஜ் செய்து, நெகட்டிவை முதலில் கழற்றி, பேஸ்மென்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பாட்டியம்மா பதறினார். பிளாஸ்டிக் பெட்டிக்கு அதெல்லாம் கிடையாது என்று இன்ஜினியர் விளக்கம் கொடுத்தேன். அவர் நம்பவில்லை.

இப்போது அது ஒரு பலகை மேல் இருக்கிறது.