புடாபெஸ்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டம் போடும் வீடுகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். “இவ்வளவு தூரம் போறோம், அதையும் பார்த்துட்டு வந்துடலாமே!”

சொல்பவரைக் குறை சொல்ல முடியாது. சோதனைச்சாவடியில் நெரிசல் இல்லாத நாளில், சிங்கப்பூரிலிருந்து காரில் 3 மணி நேரம் போனால் நமக்கு மலாக்கா வரும். வியன்னாவில் ரயில் ஏறினால் அதற்கும் குறைவான நேரத்தில் ஹங்கேரியின் தலைநகரத்தில் இறங்கலாம். வேறு மொழி, வேறு நாணயம், வேறு சாப்பாடு. இரண்டுமே ஷெங்கன் நாடுகள் என்பதால் உட்லண்ட்ஸைப் போல வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை. கைப்பேசி வரைபடத்தில் அவ்வளவு பக்கத்தில் ஒரு புடாபெஸ்ட் தெரியும்போது யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

கடந்த ஜூன் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் போட்ட திட்டத்தில் புடாபெஸ்ட் இல்லை. ஐந்து பேர்: கணவர், நான், எட்டு வயது மகள், 72 வயது அப்பா, 67 வயது அம்மா. ஒன்பது இரவுகள். பிராகில் நான்கு, வியன்னாவில் ஐந்து. அந்த ஐந்தில் ஒரு நாள் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரைக் கிராமம். புகைப்படம் பார்த்த நாளிலிருந்து மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். வியன்னாவிலிருந்தே வீடு திரும்புவதாக ஏற்பாடு.

எங்கே கூட்டிப்போனாலும் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிப் பழகிய அப்பா, திட்டத்தாளைப் பார்த்துவிட்டு, “வியன்னாவுக்குப் பக்கத்துலதானே புடாபெஸ்ட்?” என்று கேட்டார். அறுபதுகளில் பள்ளிப் பையன்கள் எல்லாரையும் போல அவரும் தபால்தலை சேர்த்தவர். கடையில் வாங்கும் கலவைப் பொட்டலத்தைப் பிரித்தால் பூ, பறவை, விளையாட்டு, விண்கலம் என்று பெரிய பெரிய வண்ணத் தபால்தலைகள் விழுமாம். எல்லாவற்றிலும் ‘மாக்யர் போஸ்டா’ என்று அச்சிட்டிருக்கும். மாக்யர் என்றொரு நாட்டை அவர் உலக வரைபடத்தில் தேடியிருக்கிறார். ஹங்கேரிக்காரர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அது என்பது பிறகுதான் தெரிந்ததாம். இத்தனை வருடத்தில் இந்தக் கதையை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அம்மா எதிர்க்கட்சி. “எனக்கு ரெண்டு ஊரே போதும். ஒரு ஊருக்குப் போய் ரெண்டாவது நாள்தான் குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் திருப்பணும்னே எனக்குப் பிடிபடும்” என்றார். கேட்டுச் சிரித்தோம். ஆனால், முட்டிவலியோடு பயணம் செய்கிறவருக்குப் புதிய ஊர் என்பது புதிய படுக்கை, புதிய படிக்கட்டு, புதிய வழுக்கல். அவர் சொன்னதில் வேடிக்கை கொஞ்சம்தான்.

எனவே கணவர் கணக்குப் போட உட்கார்ந்தார். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் 4 மணி நேரம். ஆனால் காலையில் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, அரை மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போவது, இறங்கிய ஊரில் டாக்சி பிடிப்பது, அறை கிடைக்கும் 3 மணி வரை வரவேற்புக் கூடத்தில் காத்திருப்பது, பிறகு முகம் கழுவி மூச்சு விடுவது எல்லாம் சேர்த்தால் 8 மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் 2 மணி 40 நிமிடம். அதே கணக்கில் 6 மணி நேரம். ஊர் மாறும் நாளில் அந்த நாளின் பெரும்பகுதி பெட்டிக்குப் போய்விடுகிறது. இந்தச் செலவு எந்தப் பயண விளம்பரத்திலும் வராது.

காலையில் போய் இரவு திரும்பலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். ரயிலிலேயே ஐந்தரை மணி நேரம் உட்காருவதற்கா அப்பா அறுபது வருடம் காத்திருந்தார்? இரண்டு இரவு தங்கிவிட்டு மறுபடி வியன்னாவுக்கு வந்து விமானம் ஏறுவதென்றால் பெட்டி கட்டும் வேலை இரண்டு தடவை. ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஒரு முழுப் பகல்.

வழி திறந்தது வரைபடத்தில்தான். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. பிராகில் இறங்கி, புடாபெஸ்டிலிருந்தே வீட்டுக்குக் கிளம்பினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. நல்லவேளை, விமானச் சீட்டு அதுவரை வாங்கவில்லை. இணையத்தில் தேடும்போது ‘ரிட்டர்ன்’ என்பதைத் தொடாமல் ‘மல்டி சிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுத்தோம். எப்படியும் இடையில் ஓர் ஊரில் விமானம் மாறப்போகிறவர்கள் நாங்கள். வியன்னாவிலிருந்து மாறினால் என்ன, புடாபெஸ்டிலிருந்து மாறினால் என்ன? கட்டணம் சற்றுக் கூடியது. அதைச் சத்தமில்லாமல் கட்டினேன்.

ஆனால் இரவுகள் கூடவில்லை. விடுப்பு ஒன்பது இரவுக்குத்தான். மூன்று ஊர், ஊருக்கு மூன்று இரவு. அதற்குக் குறைந்தால் வேண்டாம் என்பது அம்மாவின் நிபந்தனை. ரயில் நிலையத்திலிருந்து டாக்சியில் பத்து நிமிடத்துக்குள் ஹோட்டல், அதில் மின்தூக்கி கட்டாயம் என்பது இன்னொன்று. பழைய கட்டடங்கள் நிறைந்த அந்த ஊர்களில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. குளிர்சாதன வசதியையும் கேளுங்கள். ஜூனில் அங்கே வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததல்ல.

முதலில் போனது ஹால்ஸ்டாட். வியன்னாவிலிருந்து ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் நிலையம் ஏரியின் மறுகரையில் இருப்பதால் இறங்கிப் படகும் ஏற வேண்டும். மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிராகில் ஒரு நாளும் போனது. அங்கே எனக்கென்று ஓர் ஆசை இருந்தது. கமில் சுவலபில் பிறந்த ஊர் அது. 1348ல் தொடங்கிய அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த செக் அறிஞர். 1968ல் சோவியத் படைகள் நுழைந்தபின் நாட்டைவிட்டே வெளியேறினார். தமிழ் இலக்கியத்தைப் பற்றி ‘முருகனின் புன்னகை’ என்று தலைப்பிட்டு 1973ல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகத் தெருக்களில் ஒரு காலை நேரம் மட்டும் நடந்தேன். கற்கள் பதித்த தெருக்கள். அம்மா கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் ஏறிப் போய்விட்டார், அதுதான் புத்திசாலித்தனம்.

வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனையின் தோட்டத்தை மட்டும் பார்த்தோம். உள்ளே 1,441 அறைகள் இருக்கின்றன. இருக்கட்டும்.

புடாபெஸ்டில் இறங்கியது கெலெட்டி நிலையம், 1884ல் திறந்தது. ஆற்றின் மேற்கே மலைப்பாங்கான புடா, கிழக்கே சமவெளியான பெஸ்ட். 1873ல்தான் ஒபுடாவும் சேர்ந்து ஒரே நகரமானது. அப்பாவுக்குப் பிடித்தது 1896ல் ஓடத் தொடங்கிய முதலாம் மெட்ரோ பாதை. சாலையிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை. நம் பெருவிரைவு ரயிலுக்குப் போகும் நீளமான மின்படிகள் இல்லை. சின்னஞ்சிறு மஞ்சள் ரயிலில் முனைக்கும் முனைக்கும் இரண்டு தடவை போய்வந்தார். அஞ்சலகத்தின் பெயர்ப்பலகையில் ‘போஸ்டா’ என்றிருந்ததைப் பார்த்ததும் உள்ளே போய், சைகையிலேயே பேசி, ஒரு தாள் தபால்தலையோடு வெளியே வந்தார். என்ன விலை என்று கேட்டேன், சொல்லவில்லை.

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் டான்யூப் கரையோரம் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் வரிசையாக இருக்கின்றன. 1944-45ல் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். 2005ல் அமைத்த நினைவிடம் இது. வரிசையில் குழந்தைக் காலணிகளும் உண்டு. “இது யாரோடது?” என்று மகள் கேட்டாள். அம்மாதான் பக்கத்தில் உட்காரவைத்து, எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னார். அன்று வேறெங்கும் போகவில்லை.

அம்மாவை அந்த ஊர் கடைசியில் வென்றது லாங்கோஷ் வைத்துத்தான். பொரித்த மாவு ரொட்டி. மேலே பூண்டு, புளித்த பாலேடு, சீஸ். “பத்தூராவுக்குத் தூரத்துச் சொந்தம்” என்றார். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். குலாஷ் என்பது மாட்டிறைச்சிக் குழம்பு, கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிறது. அதனால் பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை அம்மா அறையில் தூங்கினார். சாயங்காலம் சங்கிலிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் நடந்தார். பெரியவர்களோடு போகிறவர்கள் இந்த நீண்ட வெளிச்சத்தை நம்பித் திட்டம் போடலாம்.

போகவரச் சீட்டை வியன்னாவுக்கே ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு என் பதில் வேறு. கையில் இருப்பது ஒன்பது இரவு என்றால் புடாபெஸ்டை விட்டுவிடுங்கள். இன்னொரு நாட்டைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். காலையில் போய், பழைய நகரத்தில் நடந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பெட்டி அறையிலேயே இருக்கும், குளியலறைக் குழாயும் பழகியதாக இருக்கும்.