பெருநாள் பலகாரமும் டின்னின் மூடியும்



நோன்பு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டால் எங்கள் கீழச்சிவல்பட்டியில் பரண்மேல் கிடக்கும் தகர டின்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். பலகாரத்தைச் செய்து வாரக்கணக்கில் வைத்து உண்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், மாவுருண்டை எனக் கெட்டுப்போகாத பண்டங்களையே இவ்வூர் நகரத்தார் வீடுகள் கைப்பக்குவமாக வளர்த்தெடுத்தன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் ஊரில் அது வழக்கமானதில் வியப்பில்லை. கீழக்கரையில் நம் மக்கள் கிண்டும் தொதலும் அத்தகையதே. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டப்படுவதால், நீர் வற்றி, நாள்பட நிற்கிறது.

எங்கள் வீட்டின் பங்கு நெய் பிஸ்கட். எங்கள் நன்னி அதனை நானகத்தா என்றே சொல்வார்கள். ‘நான்’ என்பது பாரசீகத்தில் ரொட்டி. சூரத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய ரொட்டிக் கடையிலிருந்து இப்பண்டம் பிறந்ததாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. மைதா, பொடித்த சர்க்கரை, நெய், சிறிது ஏலக்காய், நடுவில் ஒரு முந்திரிப் பருப்பு. எங்கள் தலைமுறைக்கு அலங்காரம் அந்த முந்திரியோடு முடிந்தது.

இப்போது அப்படியன்று. எங்கள் மதரஸாவில் ஓதும் பெண்பிள்ளைகள் பிறை வடிவிலும் விளக்கு வடிவிலும் பிஸ்கட் வெட்டி, அதன்மேல் சர்க்கரைப் பூச்சு பூசி, பச்சையும் வெள்ளையும் பொன்னிறமுமாகக் கோலமிட்டு, ‘ஈத் முபாரக்’ என்று எழுதியும் விடுகிறார்கள். சில பிள்ளைகளின் கைவண்ணம் கடைப் பலகாரத்தை வெட்கப்படச் செய்யும். ஆனால் பெருநாளன்று காலையில் டின்னைத் திறந்தால் பச்சை வெள்ளையில் கசிந்திருக்கும், பிஸ்கட் ரொட்டிபோல் வளையும். “என்ன செய்து வைத்தால் இது கெடாமலிருக்கும்?” என்று தாய்மார்கள் எங்களைக் கேட்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களிடம் பலகாரக் கேள்வி வருவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் ஆண்டுதோறும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து வருவதால் அறிந்ததை எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஈரம். நன்கு வெந்த பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு. சுற்றியுள்ள காற்றில் அதைவிட அதிகம். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைப் பிஸ்கட் உறிஞ்சிக்கொள்ளும், நமுத்துப்போகும். அதிரசத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வெல்லப்பாகின் ஈரத்தால்தான் அது மெத்தென்றிருக்கிறது, காற்றில் விட்டால் இறுகிவிடும். ஆகையால் இரண்டையும் ஒரே டின்னில் வைப்பது இரண்டுக்கும் செய்யும் தீங்கு. அதிரசத்தின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போகும், இது நமுக்கும், அது காயும். இடம் போதவில்லையென்று பெருநாள் அவசரத்தில் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

பிறைக் கணக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே பெருநாள் எல்லாப் பருவங்களையும் சுற்றிவர 33 ஆண்டுகளாகின்றன. 2005-இல் நோன்புப் பெருநாள் நவம்பர் தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழையின் நடுவே வந்தது. 2025-இல் மார்ச் 31 அன்று, கோடை ஏறும் வேளையில் வந்தது. அன்று எங்கள் பெரியவர்களின் கவலை நமுப்பு. இன்றைய கவலை வெப்பம். நெய்யும் வெண்ணெயும் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றுப் பட்டும் காறிப்போகின்றன. டின்னைச் சமையலறை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைப்பதும், வெயில் விழும் சன்னலோரம் வைப்பதும் கூடாதென்பது இதனால்தான். பழைய செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவருக்குள் இருக்கும் உள்ளறை இதற்கென்றே கட்டியதுபோல் அமைந்திருக்கும். நம்முடைய ஓட்டு வீட்டிலும் காரை வீட்டிலும் கட்டிலடியே அதற்கு ஈடு. 2030-களின் பிற்பகுதியில் பெருநாள் மீண்டும் மழைக்குள் நுழையும். அப்போது நன்னிமார்களின் அறிவுரை மறுபடியும் தேவைப்படும், இன்ஷா அல்லாஹ்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். முட்டை வெள்ளைக்கருவையோ அதன் பொடியையோ ஐசிங் சர்க்கரையுடன் அடித்துச் செய்யும் பூச்சுதான் நாள்பட வைப்பதற்கு ஏற்றது. அதிலுள்ள நீர் ஆவியாகிப் பூச்சு ஓடுபோல் இறுகுகிறது. பச்சை முட்டையைவிடப் பொடியே பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து. வெண்ணெய்ப் பூச்சு சுவையாக இருக்கும், ஆனால் இறுகாது, வெளியில் வைத்தால் இந்த வெயிலில் ஒருநாள்கூடத் தாங்காது. இறுகும் பூச்சு முழுதும் காய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பூசி, தூங்கப் போகுமுன் மூடிவிட்டால், உள்ளிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது பிஸ்கட்டுக்குள் இறங்கும், நிறங்களைக் கரைக்கும். விசிறிக்குக் கீழே, மெல்லிய வலைமூடியால் மூடி, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். ஒரு நிறம் காய்ந்தபின் அடுத்த நிறத்தைப் பூசினால் கசிவு குறையும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். சிவப்பு நிறப் பொடி வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். இ-120 என்ற குறியீடு ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயத்தைக் குறிக்கிறது. பீட்ரூட் சாறு வைத்தும் இளஞ்சிவப்பு வரும், சற்று மங்கலாக இருந்தாலும் பிள்ளைகள் குறை சொல்வதில்லை.

காய்ந்தபின் காற்றுப் புகாத டின்னில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள். டின் புதிதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் சென்ற பெருநாளின் தூள் அதில் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய தூளிலுள்ள காறல் புதியதையும் பற்றும். கழுவி, வெயிலில் நன்கு காயவைத்து, சூடு ஆறியபின் நிரப்புங்கள். பிஸ்கட்டும் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்துவிடும். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1822-இல் தொடங்கிய ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத்தின் பிஸ்கட் உலகெங்கும் சென்றதற்கும் தகர டின் ஒரு காரணம் என்பார்கள். ஆக, நம் பரண்மேல் இருக்கும் டின் லேசான பொருளன்று.

குளிர்பெட்டி வேண்டாம். குளிர்ந்த பிஸ்கட்டை வெளியே எடுத்தவுடன் காற்றின் ஈரம் அதன்மேல் துளிகளாகப் படியும், பூச்சு பிசுபிசுக்கும். முன்கூட்டியே செய்துவைக்க விரும்புகிறவர்கள் பூச்சில்லாத பிஸ்கட்டை உறைபெட்டியில் வைக்கலாம், இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அதன்பிறகே திறக்க வேண்டும். அப்போது துளிகள் டப்பாவின் வெளிப்புறத்தில் படியும், பிஸ்கட்டின்மேல் படியாது. பூச்சு பூசி டின்னில் வைத்தவை இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அதற்குமேல் கெட்டுவிடாது, மணம்தான் விடைபெறும். அத்தர் சீசா இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். ஊது மணக்கும் பிஸ்கட்டை நாங்கள் ஒரு வீட்டில் உண்டிருக்கிறோம்.

உணவைச் சேமிப்பதை மார்க்கம் குறைவாகப் பார்க்கிறதா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அப்படியில்லை. யூசுஃப் (அலை) அவர்கள் விளைச்சலைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னதைக் குர்ஆன் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை எடுத்துவைத்ததாக உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி ஏவியதும் ஹதீஸில் வந்துள்ளது. ஆனால் குர்பானி இறைச்சியைப் பற்றிய செய்தியை அவளுக்குச் சற்று நீட்டியே சொன்னோம். ஓராண்டு வறியவர்கள் மதீனாவுக்கு வந்திருந்தபோது, மூன்று நாட்களுக்குமேல் இறைச்சியைச் சேமிக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர், அந்த ஆண்டின் தேவைக்காகவே அப்படிச் சொன்னதாகவும், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்றும் அனுமதித்தார்கள். டின்னின் மூடியை எப்போது மூடலாம் என்பதை, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

இதனை ஏட்டளவில் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் பெருநாள் கழிந்து மூன்று வாரமான ஒரு மாலை, எங்களிடம் ஓதும் ஒரு சிறுமி நெகிழிப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய தாயார் சில வீடுகளில் வேலை செய்கிறவர். பையில் அலங்காரப் பிஸ்கட்டுகள் இருந்தன. பிறையின் முனை உடைந்து, பூச்சு மஞ்சளித்து, திறந்தவுடன் காறிய நெய்யின் வாடை. “அம்மா வேலை பார்க்குற வீட்டுல குடுத்தாங்க ஆலிமாம்மா. நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க, அப்புறம் எல்லாருக்கும் குடுக்குறேன்” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. ஒன்றை எடுத்து உண்டோம். மற்ற பிள்ளைகள் உண்ணும்முன், இதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் தருகிறோம், இவற்றை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தோம். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டியதுமில்லை.

அந்த வீட்டார் கெட்ட எண்ணத்தோடு கொடுத்திருக்க மாட்டார்கள். விருந்தினருக்கென்று ஒரு டின், வெளிநாட்டிலிருந்து வரும் மகனுக்கென்று ஒரு டின் என்று ஒதுக்கிவைத்து, யாரும் வராமல் எஞ்சியது வேலைக்காரப் பெண்ணுக்குப் போயிருக்கும். நம்மில் பலருடைய வீட்டு வழக்கம் அதுதானே? கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்ற கருத்தில் பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் பேசுகிறது. மதீனாவில் மட்டமான பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டதையொட்டி அது இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். உலர்ந்த குலைக்கும் நமுத்த பிஸ்கட்டுக்கும் தூரம் அதிகமில்லை.

அதன்பிறகு மதரஸா தாய்மார்களோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். பூச்சு காய்ந்த காலையில், டின்னுக்குள் எதுவும் போகுமுன், கொடுக்க வேண்டியவர்களின் டப்பாக்கள் நிரம்பிவிடும். வேலை செய்யும் பெண்களுக்கு, பள்ளிவாசல் மோதினாருக்கு, பால்காரருக்கு, பக்கத்து வீடுகளுக்கு. பார்த்து எடுத்த, முனை உடையாதவை. உடைந்தவை எங்கள் டின்னுக்கு. பிள்ளைகள் முதலாண்டு முறுமுறுத்தார்கள், அழகானவையெல்லாம் போகின்றனவே என்று. அடுத்த ஆண்டிலிருந்து டப்பாக்களின்மேல் பெயரெழுதும் வேலைக்கு அவர்களுக்குள்ளேயே போட்டி. இதில் ஒரு வசதியும் உண்டு: கையிருப்பு பாதியாகக் குறைவதால் எஞ்சியதை வாரக்கணக்கில் காக்கும் தொல்லையும் குறைந்துவிட்டது.

பக்கத்து வளவு ஆச்சி வீட்டுக்குப் போகும் டப்பா ஒருபோதும் வெறுமையாகத் திரும்பியதில்லை. சென்ற பெருநாளில் அதில் மாவுருண்டை வந்தது. கொடுத்தனுப்பும்போதே ஆச்சி எங்கள் மகளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்: “இதத் தனி டின்னுல வைக்கச் சொல்லுத்தா. உங்க பிஸ்கட்டோட போட்டுறாதீக, ரெண்டும் கெட்டுப்போகும்.”