குளிர்த்திக்குப் போகும் வழியில்

வைகாசி பிறந்துவிட்டால் கிழக்கிலங்கைத் தமிழனுக்குக் காரைதீவின் நினைவு வராமல் இராது. கண்ணகை அம்மன் கோயிலிலே கதவு திறந்து, வழக்குரை பாடி, திருக்குளிர்த்தி செய்யும் காலம் அது. 2025 ஆம் ஆண்டு வைகாசியில் ஒருநாட் காலை, மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறி அமர்ந்தேன். காரைதீவு வரை நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரந்தான். ஆயினும் இவ்வழியில் ஒருமுறை கண்ணைத் திறந்துகொண்டு போய்வருபவர், புத்தகங்களில் அகப்படாத பல பாடங்களைப் படித்துக்கொண்டு திரும்பலாம்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் வழி தெற்கே நீள்கிறது. இடக்கைப் புறம் கடல். வலக்கைப் புறம் வாவி. இடையிலுள்ள மணற்பட்டியில் ஒரு தமிழ் ஊர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர், மறுபடியும் ஒரு தமிழ் ஊர் என்று மணி கோத்தாற்போல ஊர்கள் வருகின்றன. 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மாவும் பூவும் குழலில் மாறிமாறி இடப்பட்டு ஒரே ஆவியில் வேகின்றன அல்லவா? உவமை நல்ல உவமைதான். அந்த ஆவியின் சூட்டையும் இவ்வூர்கள் நன்கு அறியும்.

முதலில் வருவது காத்தான்குடி. வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் ஊர்; வாணிகத்தில் வல்லவர்களின் ஊர். 1990 ஓகஸ்ட் 3 ஆந் திகதி இரவு, இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுவரிலே துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த அடையாளங்களை ஊரார் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதே மாதம் 12 ஆந் திகதி சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். செய்தவன் அகப்படாதபோது அவனுடைய மொழியைப் பேசுபவனோ, அவன் தொழும் முறையில் தொழுபவனோ அகப்பட்டுக்கொண்டான். அக்காலத்தின் துயரம் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

காத்தான்குடியில் ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். எழுபது வயதைக் கடந்தவர். வெண்ணிறத் தொப்பி, கட்டம் போட்ட சாரன், மடியில் ஒரு பலகாரப் பெட்டி. மகளைப் பார்த்துவிட்டுத் தம் ஊராகிய சாய்ந்தமருதுக்குத் திரும்புவதாகச் சொன்னார். ஊர் பெயர் விசாரித்து முடித்ததும், "நீங்க குளிர்த்திக்குப் போறீங்களா தம்பி? நல்லது" என்றார்.

ஆரையம்பதியைத் தாண்டும்போது முன் ஆசனத்து இளைஞர் இருவர் பாதாள உலகக் கும்பல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினர். அது பேசப்படாத பஸ்ஸே அவ்வாண்டில் இல்லை எனலாம். 2025 பெப்ரவரி 19 ஆந் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, கூண்டில் நின்ற ஒரு கும்பல் தலைவன் சட்டத்தரணி வேடத்தில் வந்தவனாற் சுட்டுக் கொல்லப்பட்டான். மூன்று நாள் கழியுமுன், கொட்டாஞ்சேனையில் நடந்த வேறொரு கொலை தொடர்பாகக் கைதான இருவர், பொலிஸ் காவலில் இருக்கும்போதே பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

"இவனுகளுக்கெல்லாம் கோடும் வழக்கும் என்னத்துக்கு? பிடிச்ச இடத்திலேயே முடிச்சுப் போடணும்" என்றார் ஓர் இளைஞர். பலர் தலையசைத்தனர். நானும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நெருப்பை மடியிற் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரின் கோபம் பொய்யான கோபம் அன்று. பெரியவர் மட்டும் பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பிடிச்சவன் அவன்தானா எண்டு ஆரு பார்க்கிறது?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அக்கேள்வி என்னை முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அப்பொழுது எனக்குப் பத்து வயது. அதிகாலையில் ஊர் சுற்றிவளைக்கப்பட்டது. ஆண்களையெல்லாம் விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கினால் முகம் மறைத்த ஒருவர் எதிரே இருத்தப்பட்டிருந்தார். அவரைத் 'தலையாட்டி' என்போம். அவர் தலையை ஆட்டினால் முன்னே நிற்பவர் தனியே கொண்டுபோகப்படுவார். என் தாய்மாமனைக் கண்டதும் சாக்கு அசைந்தது. எதற்காக என்று எவரும் கேட்கவும் இல்லை. எவரும் சொல்லவும் இல்லை. பதினொரு மாதம் கழித்து மாமா வீடு வந்தார். அதன்பின் கும்பல் கூடும் இடம் எதற்கும் அவர் போனதில்லை, திருக்குளிர்த்திக்குக்கூட.

பஸ் களுவாஞ்சிகுடியையும் கல்லாற்றையும் கடந்து அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்தது. பெரியநீலாவணையை அடுத்து வருவது மருதமுனை. கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். இவ்வூர்ச் சாரனையும் சேலையையும் அறியாத வீடு கிழக்கில் இல்லை. அடுத்து, தீமிதிப்புக்குப் புகழ்பெற்ற திரௌபதை அம்மன் கோயிலுள்ள பாண்டிருப்பு. அதற்கப்பால் கல்முனை நகரம். கடைத்தெருவில் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரசிப் பண்டம் வாங்குகிறார்கள். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, இந்நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது இந்த அம்பாறைக் கரைதான். கடல் அன்று இனம் கேட்டுக் கொல்லவில்லை.

சாய்ந்தமருது நெருங்கியதும் பெரியவர், "இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க தம்பி. காரைதீவு இதோ, நடந்தே போகலாம்" என்று கையைப் பிடித்தார். மறுக்க மனம் வரவில்லை.

சாய்ந்தமருதின் பெயர் உலகச் செய்தியில் அடிபட்டது 2019 ஏப்ரல் 26 ஆந் திகதி. அதற்கு ஐந்து நாள் முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இறந்தோருட் பலர் சிறு பிள்ளைகள். அக்கொடுமையைச் செய்த கூட்டத்தைச் சேர்ந்த சிலர், குழந்தை குட்டிகளோடு சாய்ந்தமருதின் வொலிவேரியன் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒளிந்திருந்தனர். ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்கள் குடியிருக்கும் இடம் அது. புதிதாக வந்தவர்களின் போக்கில் ஐயங்கொண்டு, துணிந்து சென்று விசாரித்துப் பொலிஸாருக்குச் செய்தி சேர்ப்பித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அன்றிரவு அவ்வீட்டில் குண்டுகள் வெடித்துப் பதினைந்து பேர் இறந்தனர். அவர்களுள் ஆறு பேர் குழந்தைகள்.

குண்டுதாரிகளின் உடல்களைப் பள்ளிவாசல்கள் ஏற்கமாட்டா என்று ஜம்இய்யத்துல் உலமா முன்னரே அறிவித்திருந்தது. சாய்ந்தமருது வீட்டிற் கிடந்த உடல்களுக்கும் ஊர் மையவாடியில் இடம் கிடைக்கவில்லை. அவை அம்பாறையில் அடக்கம் செய்யப்பட்டன. ஒரு சமூகம் தன் வெறுப்பை இதனினும் கடுமையாக எவ்வாறு காட்ட முடியும்?

தேநீரை வைத்துவிட்டுப் பெரியவர் வீட்டுக் கோடியிலுள்ள ஒரு மாமரத்தைக் காட்டினார். "உம்மா ஓதின கிதாபெல்லாம் அந்த அடியிலதான் தம்பி கிடக்கு. சோதனைக்கு வந்தவங்களுக்கு அறபு எழுத்தைக் கண்டாப் பயம். அவங்கட பயத்தைக் கண்டு எங்களுக்குப் பயம். பொலித்தீன்ல சுத்தி இரவோட இரவா நானே தாட்டேன்." சிறிது நேரம் பேசாமல் இருந்து, "சொல்லிக் குடுத்ததும் நாங்கதான், சோதனைக்கு நிண்டதும் நாங்கதான்" என்றார்.

அவர் சொன்னது ஒரு வீட்டுக் கதையன்று. அவசரகால விதிகள் வந்தன. 2019 ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடை தடைசெய்யப்பட்டது. பெருந்தொகையானோர் கைதாயினர். மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட சட்டை அணிந்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று கருதப்பட்டுச் சிறை சென்றார். அதே மாதம் வடமேல் மாகாணத்தில் காடையர் கூட்டம் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தது. 2020 மேயில், இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தாம் இயற்றிய 'நவரசம்' என்னும் கவிதை நூலின் காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். தமிழ் கற்பிக்கும் எனக்கு அச்செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இடையிற் கழிந்த காலத்தை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

இவ்வளவு பெரிய கொடுமை நடந்தபின் அரசு கைகட்டி இருக்கலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். கூடாது. வெடிமருந்தும் வெறியும் ஒளிந்திருக்கும் வீட்டைத் தேடுவது அரசின் கடமை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், இதே கூட்டத்தின் தலைவன் தன் ஆட்களுடன் சூஃபி வழியினரோடு மோதினான், வாள்களும் வெளிவந்தன. அவ்வூர் முஸ்லிம்கள் ஆளைப் பெயர் சொல்லி முறையிட்டனர். சிலர் கைதாயினர், தலைவன் தலைமறைவானான். அவனைப் பிடிக்க அன்று அவசரகாலச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊர்ச்சண்டைக்குப் பயன்படும் சாதாரணச் சட்டமே போதுமானதாயிருந்தது. சாதாரணச் சட்டத்தை உரிய காலத்தில் உரியவன்மீது செலுத்தாதவர்கள், காலம் கடந்தபின் அசாதாரணச் சட்டத்தை எல்லார்மீதும் செலுத்தினார்கள்.

இதனை நான் மட்டும் சொல்லவில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும், முன்னாள் பொலிஸ் மா அதிபர் உள்ளிட்ட அதிகாரிகளும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. அது எவ்வகை வழக்கு? அடிப்படை உரிமை வழக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நியாயம் தேடித் தட்டிய கதவு, அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயமே. உரிமைகள் குற்றவாளிக்குக் கட்டிய கோட்டை என்று சொல்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். காரணம் சொல்லாமற் கைதுசெய்யலாகாது, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் குற்றமற்றவன் என்று சொல்லும் அதே அத்தியாயந்தான், இறந்தவர்களின் உறவினருக்கும் கைகொடுத்தது.

மாறாக, 1979 இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. முதலில் என் மாமாவின் தலைமுறைத் தமிழர்மீது விழுந்த அந்நிழல், பின்னர் அஹ்னாப்மீது விழுந்தது. அடுத்து யார்மீது என்று அந்தப் பஸ் இளைஞர்களைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்பொழுது வாய் வரவில்லை.

விடைபெறுமுன் ஒன்றைச் சொல்லாமற் போக என்னால் இயலவில்லை. 2019 மே மாதம் இதே வழியில் பஸ்ஸிற் போகும்போது, அபாயா அணிந்த ஒரு தாய் பெரிய பையொன்றுடன் என் பக்கத்தில் அமர்ந்தார். நான் எழுந்து பின்னால் போய் நின்றேன். சாக்கைத் தலையில் மாட்டாமலே நானும் ஒரு தலையாட்டி ஆனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து, உள்ளிருந்த கத்தரிக்காயும் கருவாடும் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டார். அந்தத் திறந்த பை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இதைக் கேட்டதும் பெரியவர் என் முதுகைத் தட்டினார். "நீங்க எழும்பி நிண்டீங்க. நான் தொண்ணூறுக்குப் பிறகு ஏழு வருசம் காரைதீவுப் பக்கமே போகல்ல தம்பி. என்னோட படிச்ச கூட்டாளி அங்க இருந்தான். அவன் மௌத்தாப் போனதுக்கும் போகல்ல" என்றார்.

இருவரும் காரைதீவு எல்லைவரை நடந்தோம். யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் அது. எல்லையில் அவர் நின்றுகொண்டார். நான் கோயிலுக்குப் போனேன்.

அங்கே வழக்குரை பாடிக்கொண்டிருந்தார்கள். அது என்ன கதை? பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பி, கையிலே சிலம்பு இருந்ததையே சான்றாகக் கொண்டு, விசாரியாமல் ஒருவனைக் கொல்வித்த அரசனின் கதை. களவு நடந்தது மெய். அரசனின் பதற்றமும் மெய். கொல்லப்பட்டவன்தான் கள்வன் அல்லன். அச்சிலம்பை உடைத்துப் பார்க்கச் சில விநாடி போதும். அச்சில விநாடிகளை மிச்சப்படுத்தியதால் மதுரை எரிந்தது. ஆனால் கணவனை இழந்த கண்ணகி மூட்டிய தீக்கும் ஒரு கட்டளை இருந்தது: குழந்தைகளையும் முதியோரையும் அறவோரையும் விட்டுவிடு, தீயவர் பக்கமே செல் என்பது. ஆற்றாத கோபத்திலும் ஆளைப் பிரித்தறிந்தாள் அவள். வடமேல் மாகாணத்திற் கடைகளை எரித்த தீக்கு அந்த அறிவு இருக்கவில்லை.

எங்கள் கோயில்களில் சடங்கு எரிந்த மதுரையோடு முடிவதில்லை. அம்மனின் சினம் ஆறும்படி குளிர்த்தி ஆடிய பின்னரே ஊர் வீடு திரும்பும். கும்பல் கொலைகளைக் கண்டு கொதிக்கும் நாட்டுக்கும் அதுவே முறை என்று தோன்றியது. குற்றவாளியைத் தேடிப் பிடிக்கட்டும், கூண்டில் ஏற்றட்டும், சிலம்பை உடைத்துப் பார்க்கட்டும், பிறகு தண்டிக்கட்டும்.

குளிர்த்தி நீரைத் தெளித்தார்கள். முகத்தில் விழுந்த துளியைத் துடைக்காமல் எல்லைக்குத் திரும்பினேன். பெரியவர் அங்கேயே நின்றிருந்தார். ஊரிலே எஞ்சியிருந்த என் மாமாவுக்கென்று ஒரு பொதி பலகாரம் கட்டி வைத்திருந்தார். "அடுத்த முறை அவரையும் கூட்டிற்று வாங்க தம்பி" என்றார்.