நல்ல காலின் களைப்பு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் படிகளைச் சிறு வயதில் நாம் எத்தனையோ முறை ஏறியிருக்கிறோம். இரண்டாவது வயதில் கண்ட இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பியது. ஆயினும், தொடையைக் கையால் ஊன்றிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, சிறுமலையைப் பார்த்தபடி காற்று வாங்குவதில் நமக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்துக்குச் சென்ற ஆண்டு சோதனை வந்தது. நல்ல கால் என்று நாம் நம்பியிருந்த இடது கால், பள்ளிக்கூடத்து மாடிப்படியில் தள்ளாடிற்று. 45 வயதில் பழைய வியாதி திரும்பிவிட்டதோ என்று கதிகலங்கினோம்.

வைத்தியர் விளக்கிய பிறகே விஷயம் புரிந்தது. போலியோக் கிருமி வாய்வழியே குடலுக்குள் புகுகிறது. அது தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவரே முடமாகிறார். அவருடைய முதுகுத் தண்டில், தசைகளை ஏவுகின்ற நரம்பணுக்களை அது அழித்துவிடுகிறது. உணர்ச்சி மட்டும் குறைவதில்லை. முள் குத்தினால் வலிக்கும், காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியாது. பூட்டுக்குப் பேர்போன நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பூட்டு இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. திறவாத பூட்டுத் துருப்பிடிப்பதுபோல், ஏவுவாரற்ற தசையும் மெலிந்துபோகிறது.

இடது காலின் கதை வேறு. அதற்குரிய நரம்பணுக்களிலும் சில அன்றே மாண்டிருக்க வேண்டும். பிழைத்தவை புதுக் கிளைகள் விட்டு, அநாதையான தசைநார்களையும் சுவீகாரம் எடுத்துக்கொண்டன. பல்லாண்டுகள் இரட்டைச் சுமை சுமந்தபின் அக்கிளைகள் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன என்பது வைத்திய நிபுணர்களின் கருத்து. இதைத் தீர்க்க மருந்து இல்லை. களைப்பு மேலிடாத அளவான பயிற்சியும், இடையிடையே ஓய்வுமே வழி.

இயற்கையான போலியோக் கிருமி பாரத நாட்டில் கடைசியாகத் தீண்டியது, 2011 ஜனவரி 13-ல், மேற்கு வங்காளத்து ஹௌரா ஜில்லாக் குழந்தை ஒன்றை. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியபோது நாமும் பூரித்தோம். ஆனால், அக்கிருமி முன்பே தீண்டிச் சென்றவர்கள் இன்னும் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்களுடைய தளர்ச்சியைச் சோம்பல் என்று எவரும் நினைத்துவிடலாகாது.

சலுகை கேட்பதில்லை என்பது நம் வெகு நாளைய விரதம். சென்ற மாதம் அதைக் கைவிட்டு, தலைமையாசிரியரிடம் கீழ்த்தளத்து வகுப்பைக் கேட்டோம். முதலில் நாக் கூசிற்று. நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பிறர் சுமையையும் சேர்த்துச் சுமந்த அந்த நரம்புகளுக்காகவே பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டதும், கூச்சம் அகன்றது.