வேலையுள்ளோர்

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை 2017-18இல் 6 விழுக்காடு, 2023-24இல் 3.2 என்கிறது மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு. எண்ணில் பொய்யில்லை. என் ஐயமெல்லாம் 'வேலையுள்ளோர்' என்ற சொல்லின் மீதுதான். (தமிழாசிரியனுக்குச் சொல்லைத் துருவாமல் உறக்கம் வராது.)

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தி தந்தையின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறாள். சம்பளம் கிடையாது. ஆயினும் கணக்கெடுப்பின் இலக்கணப்படி அவள் வேலையுள்ளவள். குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோரும் அதில் அடக்கம். ஆண்டில் 30 நாள் உதவினாலே போதும். இத்தகையோர் மொத்த உழைப்பாளரில் 13.6 விழுக்காட்டிலிருந்து 19.4ஆகப் பெருகியது அதே ஆறாண்டுகளில்தான். மாதச் சம்பளக்காரரோ 22.8இலிருந்து 21.7ஆகச் சுருங்கினர். பெண்களின் பங்கேற்பு 23.3இலிருந்து 41.7ஆக உயர்ந்ததைக் கொண்டாடுவோர் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விடியலில் கடை திறப்பவளே அவள்தான். கல்லாப் பெட்டியின் மேல் அரசுப் பணித் தேர்வுக்கான புத்தகம் விரிந்து கிடக்கிறது. கணக்கில் மட்டும் அவள் வேலை தேடுபவள் அல்லள்.